நகைச்சுவை நாடகத்தை மேடையேற்றும் அமெச்சூர் குழுவினருக்கு

பகல் முழுவதும் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் மட்டும் கூடுகிற குழு, ஒன்றரை மணி நேர நகைச்சுவை நாடகத்துக்கு எட்டு வாரங்களாவது ஒதுக்குவது நல்லது. சோக நாடகத்தில் ஒரு வசனம் இரண்டு நொடி தாமதித்து வந்தால் அதை உணர்ச்சியின் கனமாகவே பார்வையாளர் எடுத்துக்கொள்வார்கள். நகைச்சுவையில் அதே தாமதம் சிரிப்பைக் கெடுத்துவிடும்.

நாடகத்தைத் தேர்ந்தெடுத்ததும் ஆசிரியரிடமோ உரிமை வைத்திருப்பவரிடமோ எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். வசனங்களை வெட்டவோ மாற்றவோ விரும்பினால் அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

நடிகர் தேர்வில், குழுவில் எல்லோரையும் சிரிக்க வைப்பவருக்கே முதன்மைப் பாத்திரம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். எதிரில் நிற்பவர் பேசுவதை உண்மையாகக் காதுகொடுத்துக் கேட்கத் தெரிந்தவரே இதற்கு ஏற்றவர் என்பது என் உறுதியான கருத்து. கடன்காரருக்குப் பயந்து அலமாரிக்குள் ஒளிந்திருக்கும் ஒருவர், அதே அலமாரிக்கு அந்தக் கடன்காரர் விலை பேசுவதைக் கேட்பதாக ஒரு காட்சி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பவர் உண்மையாகவே நடுங்கினால்தான் வெளியே சிரிப்பு எழும். அவர் முகத்தைக் கோணலாக்கி வேடிக்கை காட்டத் தொடங்கினால் அந்தப் பயம் பொய்யாகிவிடும், காட்சியும் அதோடு படுத்துவிடும். முதல் வாசிப்பிலேயே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் என்ன வேண்டும், எதற்காக அஞ்சுகிறது என்பதைப் பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

நான்காவது வாரத்துக்குள் பிரதி கையில் இல்லாமல் நடிக்க வேண்டும். அதன்பின் வாரம் ஒரு முறை, நடிப்பில்லாமல் உட்கார்ந்தபடியே முழு நாடகத்தையும் இயன்ற வேகத்தில் பேசிப் பார்த்தால், மனப்பாடம் எங்கே தடுமாறுகிறது என்பது உடனே தெரிந்துவிடும். கதவு, அலமாரி, தொலைபேசி போன்ற பொருள்களை ஒத்திகையின் பாதியிலாவது கொண்டுவந்துவிடுங்கள். கற்பனைக் கதவு ஒருபோதும் சிக்கிக்கொள்வதில்லை, நிஜக் கதவு சிக்கும்.

தமிழ் வாக்கியத்தில் வினை பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. ‘தருவேன்’ என்கிறாரா, ‘தரமாட்டேன்’ என்கிறாரா என்பது இறுதிச் சொல்லில்தான் தெரியும். மூச்சு குறைந்து அந்தச் சொல்லை விழுங்கிவிடுவது புதிய நடிகர்களிடம் அடிக்கடி காணப்படும் பழக்கம். சிரிப்புக்குரிய சொல் கடைசி வரிசைவரை கேட்க வேண்டும்; அதைச் சொல்லும் கணத்தில் மேடையிலுள்ள மற்றவர்கள் கையைக்கூட அசைக்கக் கூடாது, ஏனென்றால் பார்வையாளரின் கண் அசைவைத் தேடிப் போய்விடும், சொல் தவறிவிடும்.

சிரிப்பு எழுந்து உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும்போது, அது முழுவதும் அடங்குவதற்கு முன்பே, அடுத்த வசனத்தைச் சற்று உரத்த குரலில் தொடங்க வேண்டும். அதுவரை நடிகர் சிலையாக நின்றுவிடாமல் பாத்திரத்தின் நினைப்பிலேயே இருக்க வேண்டும். எதிர்பார்த்த இடத்தில் சிரிப்பு வரவில்லையென்றால் காத்திருக்காமல் நகர்ந்துவிடுங்கள்.

ஐந்தாறு வாரங்களில் குழுவினருக்கே நகைச்சுவை அலுத்துப்போகும். பல நல்ல தயாரிப்புகள் கெடுவது இந்தக் கட்டத்தில்தான்: ஒத்திகையில் யாரும் சிரிக்கவில்லையே என்று பயந்து, ஆளுக்கொரு சேட்டையைச் சேர்க்கத் தொடங்குவார்கள். இயக்குநர் அதை உறுதியாகத் தடுத்து, கடைசி இரண்டு ஒத்திகைகளுக்குக் கதை தெரியாத பத்துப் பதினைந்து பேரை அழைக்க வேண்டும். எங்கே சிரிப்பார்கள், எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பதை நடிகர்கள் அவர்களிடமிருந்துதான் கற்றுக்கொள்ள முடியும்.

முகபாவம் தெளிவாகத் தெரியும்படி மேடையில் நிறைவான வெளிச்சம் இருக்கட்டும். கூட்டம் குறைவாக வந்தால், தள்ளித் தள்ளி அமர்ந்திருப்பவர்களை முன்வரிசைகளுக்கு அன்போடு அழைத்து ஒன்றாக உட்கார வையுங்கள். தனித்து இருப்பவர் சிரிக்கத் தயங்குவார். முதல் நாள் நாடகம் முடிந்த இரவே, சிரிப்பு எழுந்த இடங்களைப் பிரதியில் குறித்து, மறுநாள் மேடையேறும் முன் அந்தப் பக்கங்களை மட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.