ஆக்சஸ் ரிப்போர்ட் ஊர்கிறதா? முதலில் பிரிண்டரைப் பாருங்கள்

டேபிள் சட்டென்று திறக்கிறது, ஃபார்மில் பில் போட்டாலும் தடங்கல் இல்லை, ஆனால் ரிப்போர்ட்டை டிசைன் வியூவில் (அமைப்பை மாற்றும் திரையில்) திறந்து ஒரு டெக்ஸ்ட் பாக்ஸைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும், மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் அப்படியே உறைந்துபோகும். எங்கள் அலுவலக ஸ்டாக் ஃபைலில் இதுதான் கதை. டேட்டா அதிகமாகிவிட்டது, சர்வருக்கு மாறியே ஆகவேண்டும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால் டேட்டாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. (ஃபைலை ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டுத்தான் கீழே உள்ளதைத் தொடவேண்டும், இதை மறுபடி சொல்லமாட்டேன்.)

படி 1: கொயரியா, ரிப்போர்ட்டா?

ரிப்போர்ட்டின் ரெக்கார்ட் சோர்ஸில் (டேட்டா எங்கிருந்து வருகிறது என்று சொல்லும் இடத்தில்) எந்தக் கொயரி, அதாவது டேபிள்களிலிருந்து வேண்டியதை எடுத்துத் தரும் கேள்வி, இருக்கிறதோ அதைத் தனியாகத் திறங்கள். முதல் திரை உடனே வந்துவிட்டதே என்று நம்பிவிட வேண்டாம். திரையை நிரப்பும் அளவுக்கு வரிகள் கிடைத்ததுமே ஆக்சஸ் காட்டிவிடும், மிச்சம் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருக்கும். கீழே கடைசி ரெக்கார்டுக்குப் போகும் பொத்தானை அழுத்துங்கள், அப்போது ஆகும் நேரம்தான் உண்மையான நேரம். அதுவும் வேகமாக இருந்தால் கொயரியில் கை வைக்காமல் படி 2-க்குப் போங்கள், இழுத்தால் படி 3.

படி 2: பிரிண்டர்

ரிப்போர்ட் என்பது காகிதத்துக்காகச் செய்யப்படுவது. பக்க அளவு, மார்ஜின் எல்லாம் தெரிய ஆக்சஸ் விண்டோஸின் டீஃபால்ட் பிரிண்டரின் டிரைவரை (அதை இயக்கும் மென்பொருளை) கேட்கிறது, பிரிண்ட் எடுக்கும்போது மட்டுமல்ல, டிசைன் வியூவிலும் பிரிவியூவிலும் கூட. அந்த பிரிண்டர் நெட்வொர்க்கில் எங்கேயோ அணைந்து கிடந்தால், பதில் வரும்வரை நம் திரை காத்துக்கிடக்கும். ஆகவே 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' என்பதை டீஃபால்ட் ஆக்குங்கள், அது நம் கணினிக்குள்ளேயே இருப்பது.

இங்கேதான் எனக்கு ஒரு குழப்பம் வந்தது. காலையில் மாற்றினால் பறக்கிறது, மத்தியானம் பழையபடி ஊர்கிறது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் பிரிண்டர் செட்டிங்கில் 'டீஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்' என்று ஒரு வசதி உண்டு. அது இயங்கிக்கொண்டிருந்தால் கடைசியாக எதில் பிரிண்ட் எடுத்தீர்களோ அதுவே டீஃபால்ட் ஆகிவிடும், நாம் வைத்தது காற்றோடு போச்சு. முதலில் அதை அணைத்துவிட்டு, பிறகு பிடிஎஃப் பிரிண்டரைத் தேர்ந்தெடுங்கள். காகிதத்தில் எடுக்கவேண்டிய நேரத்தில் பிரிண்ட் பெட்டியில் நிஜ பிரிண்டரைக் காட்டினால் சரி.

அப்படியும் ஒரே ஒரு ரிப்போர்ட் மட்டும் அடம்பிடித்தால் அதன் பேஜ் செட்டப்பைத் திறந்து பாருங்கள். எப்போதோ கழற்றிவிட்ட பழைய பிரிண்டரின் பெயர் குறிப்பிட்ட பிரிண்டராக அங்கே உட்கார்ந்திருக்கலாம்.

படி 3: கொயரி

ஜாயின் செய்யும் (இரண்டு டேபிள்களை இணைக்கும்) ஃபீல்டுக்கும் தேதி போல் வடிகட்டும் ஃபீல்டுக்கும் இண்டெக்ஸ் போடுங்கள், புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி தேடலை வேகமாக்குவது அது. தேதியை இயர் ஃபங்ஷனுக்குள் போட்டு 2024-ஆ என்று கேட்டால் ஒவ்வொரு வரியையும் கணக்கிட்டுப் பார்க்கவேண்டியிருக்கும், இண்டெக்ஸ் சும்மா கிடக்கும். அதற்குப் பதில், 2024-25 நிதியாண்டு வேண்டுமென்றால், 1-4-2024 அல்லது அதற்குப் பின், 1-4-2025-க்கு முன் என்று எல்லை கொடுங்கள்.

அடுத்தது டிலுக்அப் (DLookup), டிசம் (DSum), அதாவது வேறு டேபிளிலிருந்து ஒரு மதிப்பையோ கூட்டுத்தொகையையோ எடுத்துவரும் ஃபங்ஷன்கள். ரிப்போர்ட்டின் டீட்டெய்ல் பகுதியில் (ஒவ்வொரு ரெக்கார்டும் அச்சாகும் இடத்தில்) இவற்றை வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தனி கொயரி ஓடும், பந்தியில் ஒவ்வொரு இலைக்கும் ஒரு கரண்டி சாம்பாருக்காகச் சமையலறைக்குப் போய்வருவது மாதிரி. மொத்தத்தைத் தனி டோட்டல்ஸ் கொயரியாக எழுதி, ரெக்கார்ட் சோர்ஸில் ஜாயின் செய்துவிடுங்கள். வரிசைப்படுத்துவதை ரிப்போர்ட்டின் குரூப் அண்ட் சார்ட்டில் மட்டும் வையுங்கள், அங்கே வைத்துவிட்டால் கொயரியில் வைக்கும் சார்ட்டை ரிப்போர்ட் மதிக்காது.

படி 4: மிச்சம் மீதி

ஃபுட்டரில் 'மொத்தப் பக்கங்களில் இது இத்தனையாவது' என்று காட்டினால், மொத்தம் தெரிவதற்காக முழு ரிப்போர்ட்டையும் ஒருமுறை அடுக்கி முடித்த பிறகுதான் முதல் பக்கமே தெரியும். பெரிய ரிப்போர்ட்டில் பக்க எண் மட்டும் போதும். ஆப்ஷன்ஸில் நேம் ஆட்டோகரெக்ட்டை (பெயர் மாற்றினால் மற்ற இடங்களிலும் தானாகத் திருத்தும் வசதியை) நான் எப்போதும் அணைத்துவிடுவேன். காம்பேக்ட் அண்ட் ரிப்பேர் (ஃபைலைச் சுருக்கிச் சரிசெய்யும் வேலை) கையால் செய்வதே எனக்குப் பிடிக்கும், மூடும்போதெல்லாம் தானாக நடக்கும்படி வைப்பது பிடிக்காது. காசு வாங்கும் 'ரிப்பேர்' மென்பொருள்கள் பக்கம் போகவே வேண்டாம். ஃபைல் 2 ஜிபி எல்லையை நெருங்கினால்தான் சர்வரைப் பற்றி யோசிக்கவேண்டும்.

டேட்டா வேறு கணினியில் பேக் எண்டாக (டேபிள்கள் மட்டும் உள்ள தனி ஃபைலாக) இருந்தால், அதிலுள்ள ஏதாவது ஒரு சின்ன டேபிளோடு இணைந்த ஃபார்மை மறைவாகத் திறந்தே வையுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் லாக் ஃபைல் (யார் திறந்திருக்கிறார்கள் என்று குறித்துவைக்கும் ஃபைல்) உருவாகி அழிந்து நேரம் தின்னும். வைஃபையில் பேக் எண்டை இணைக்காதீர்கள், வேகம் போகட்டும், ஃபைலே கெட்டுப்போகலாம்.

பின்சேர்க்கை: பிடிஎஃப் பிரிண்டருக்கு மாறியபின் ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் வெற்றுத்தாள் வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். காகிதம் ஏ4-தானா என்று முதலில் பாருங்கள். பிறகு ரிப்போர்ட்டின் அகலத்தோடு இடது, வலது மார்ஜின்களைக் கூட்டுங்கள். 21 செ.மீ.யைத் தாண்டினால் வெற்றுத்தாள் நிச்சயம்.

இன்னொன்று: படி 3-இல் சொன்ன தேதியை எஸ்க்யூஎல் வியூவில் (கொயரியை எழுத்துவடிவில் காட்டும் திரையில்) அடித்தவருக்கு ஏப்ரல் கணக்கு வரவேண்டிய இடத்தில் ஜனவரி 4-இலிருந்து வந்திருக்கிறது. கொயரியின் டிசைன் கட்டத்தில் நம் ஊர் வழக்கப்படி அடிக்கலாம், எஸ்க்யூஎல் வியூவில் ஆக்சஸ் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் எடுத்துக்கொள்ளும். அங்கே #2024-04-01# என்று வருடத்தை முன்னால் வைத்து அடியுங்கள்.