பழைய மேசை மின்விசிறி வாங்குவதற்கு முன்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளிலும், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் பித்தளை இறக்கை கொண்ட பழைய மேசை மின்விசிறிகள் சில நேரம் கண்ணில் படும். பளபளப்பில் மயங்கி விலை பேசத் தொடங்காமல், முதலில் மோட்டாரிலோ அடிப்பாகத்திலோ உள்ள பெயர்த்தகட்டைத் துடைத்துப் படியுங்கள். அதில் டி.சி. என்று மட்டும் இருந்தால் நம் வீட்டு 230 வோல்ட் ஏ.சி. மின்சாரத்தில் நேரடியாகச் செருகக் கூடாது; 110 வோல்ட் ஏ.சி. என்றிருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் தேவைப்படும்.

அடுத்து, மின்சாரம் இல்லாமலே இறக்கையை விரலால் சுண்டிவிடுங்கள். அது உரசாமல் சுழன்று மெல்ல நிற்க வேண்டும். இறக்கை பொருந்திய தண்டைப் பிடித்து அசைக்கும்போது ‘டக் டக்’ என்று ஆடினால், அதைத் தாங்கும் உலோக வளையமான புஷ் தேய்ந்திருக்கிறது. லேத் பட்டறையில் புதிதாகக் கடைந்துகொள்ளலாம். சுற்றவே இறுக்கமாக இருந்தால் பெரும்பாலும் பழைய எண்ணெய் கெட்டிப்பட்டிருக்கும், அதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். கருகிய வாடை வந்தால் மட்டும் மோட்டாரின் கம்பிச்சுருளை (காயில்) புதிதாகக் கட்டும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

இறக்கையில் காந்தம் ஒட்டினால் அது பித்தளை அல்ல, முலாம் பூசிய இரும்பு (வியாபாரியின் முகம் மாறுவதையும் அப்போது பார்க்கலாம்). துணி சுற்றிய வயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே ரப்பர் பொடிந்திருக்கக்கூடும் என்பதால், எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து அதை மாற்றி, இரும்பு உடலுக்கு எர்த் இணைத்த பிறகே ஓட்டுங்கள்.