சர்க்கரை உள்ள பெண்ணின் எக்கோ: திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், எடுக்கும் அறைக்குப் புதிதாக வரும் டாக்டர்களின் ரிப்போர்ட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலைகளில் ஒன்று. போன வாரம் மூன்றைத் திருப்பி அனுப்பினேன். மூன்றும் சர்க்கரை நோய் உள்ள பெண்களுடையவை. மூன்றிலும் ஒரு காலத்தில் நான் செய்த அதே தவறு. நெஞ்சில் வைத்துப் படமெடுக்கும் ப்ரோபைப் பிடிக்கத் தடுமாறுவது, ஈசிஜி லீடு ஒட்ட மறப்பது எல்லாம் ஒரு மாதத்தில் தானாகச் சரியாகிவிடும். கீழே உள்ளவை அப்படிச் சரியாவதில்லை.

"இ.எஃப். 64, அதனால் நார்மல்"

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான்.

இடது கீழறை ஒரு துடிப்பில் தன்னிடம் உள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் இ.எஃப். சுருங்கிய தசை நன்றாகத் தளர்ந்து அடுத்த ரத்தத்தை வாங்கிக்கொள்கிறதா என்பதை அது சொல்லாது. சர்க்கரை பெரும்பாலும் முதலில் கை வைப்பதோ அந்தத் தளர்ச்சியில். சர்க்கரை ஒட்டிய கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து தசை விறைக்கிறது. செல்லுக்குள் கொழுப்பு சேர்கிறது. நுண்ணிய ரத்தக்குழாய்கள் தேவையான நேரத்தில் விரிய மறுக்கின்றன.

பெண்ணின் கீழறை இயல்பிலேயே சிறியது. விறைத்துச் சுவரும் தடித்தால் உள்ளே இடம் சீக்கிரம் குறைந்துவிடும். 100 மில்லி நிரம்பி 60 மில்லி வெளியேறினாலும் இ.எஃப். 60. 70 மில்லி மட்டுமே நிரம்பி 42 மில்லி வெளியேறினாலும் அதே 60. அந்த 18 மில்லிதான் மாடிப்படியில் மூச்சு வாங்க வைக்கிறது. ஆண்களிடம் மாரடைப்பு வந்து இ.எஃப். சரிவது அதிகம் என்பதால் நம் கண் அதற்கே பழகிவிட்டது.

என்னிடம் வந்தவர் 56 வயது அம்மா. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. "மாடி ஏறினா நடுவுல உட்கார்ந்துடறேன் டாக்டர்" என்றார். இ.எஃப். 64. "எல்லாம் நார்மல்மா, கொஞ்சம் வெயிட் குறைங்க" என்று அனுப்பிவிட்டேன். அப்புறம் சர்க்கரை கட்டுக்குள் வரவில்லை என்று வேறொரு டாக்டர் பயோகிளிட்டசோன் சேர்த்திருக்கிறார். உடலில் நீரைத் தேக்கும் மாத்திரை அது. இதயச் செயலிழப்பு (இதயம் நின்றுபோவதல்ல, உடலுக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுவது) உள்ளவர்களுக்குத் தவிர்க்க வேண்டியது. ஆனால் அவர் கையில் இருந்தது நான் எழுதிய 'நார்மல்'. ஐந்து மாதத்தில் அந்த அம்மா நுரையீரலில் நீர் கோத்து, படுக்க முடியாமல் நள்ளிரவில் வந்தார்.

பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். இடது மேலறையின் கொள்ளளவு உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 41 மில்லி. 34-ஐத் தாண்டக் கூடாது. செப்டம் (இரண்டு கீழறைகளுக்கும் நடுவே உள்ள சுவர்) பக்கத்து இ-பிரைம், அதாவது தசை தளரும் வேகம், வினாடிக்கு 5 செ.மீ.; 7-க்குக் குறையக் கூடாது. இரண்டையும் நானே அளந்திருந்தேன். ரிப்போர்ட்டில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு 1974-லேயே சொல்லிவிட்டது: சர்க்கரை இருந்தால் இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பு ஆண்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல், பெண்களுக்கு ஐந்து மடங்கு. 2019-ல் ஒரு கோடியே இருபது லட்சம் பேரின் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது இடைவெளி சுருங்கியது, மறையவில்லை. சர்க்கரையால் கூடும் ஆபத்து ஆண்களைவிடப் பெண்களுக்கு டைப் 1-ல் 47 சதவீதம், டைப் 2-ல் 9 சதவீதம் அதிகம்.

முன்பெல்லாம் கண்டுபிடித்தாலும் நீர் போக்கும் மாத்திரையைத் தாண்டிக் கொடுக்க அதிகம் இல்லை. இப்போது அப்படியில்லை. இ.எஃப். நன்றாக இருக்கும் இதயச் செயலிழப்பிலும் எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை ஆஸ்பத்திரி வாசத்தைக் குறைக்கிறது என்று 2021-ல் தெரிந்தது. அடுத்த வருடம் அதே வகை மாத்திரையான டாபாகிளிஃப்ளோசினுக்கும் அதுவே தெரிந்தது. 'நார்மல்' என்று எழுதினால் அந்த மருந்து அவருக்குப் போய்ச் சேராது.

ஆணின் அளவில் பெண்ணை அளப்பது

இடது கீழறைத் தசையின் எடை சதுர மீட்டருக்கு 104 கிராம் என்று வந்தால் ஆணுக்கு நார்மல், பெண்ணுக்குத் தடிப்பு. ஆணுக்கு எல்லை 115, பெண்ணுக்கு 95. சுவர் 10 மி.மீ. இருந்தால் ஆணுக்குச் சரி. பெண்ணுக்கு 9-க்கு மேலேயே கவனிக்க வேண்டும். உயரம், எடை போடாமல் ஸ்கேனைத் தொடங்குகிறீர்களே, அப்புறம் சதுர மீட்டர் கணக்கு எங்கிருந்து வரும்?

மாதவிடாய் நின்றதா என்று கேட்காமல் விடுவது

கேளுங்கள். "இன்னும் நிற்கவில்லை" என்றாலும் நிம்மதி வேண்டாம். மாதவிடாய் நிற்கும் வரை பெண்ணின் இதயத்துக்கு இருக்கும் பாதுகாப்பைச் சர்க்கரை பெருமளவு பறித்துவிடும்.

பிஎன்பி குறைவு என்று விட்டுவிடுவது

பிஎன்பி என்பது இதயம் திணறும்போது ரத்தத்தில் கூடும் ஒரு பொருள். உடல் பருமன் இருந்தால் அது குறைத்தே காட்டும்.

படுக்க வைத்துப் பார்த்ததோடு முடிப்பது

அவருக்கு மூச்சு வாங்குவது படுத்திருக்கும்போது இல்லை, படியேறும்போது. ஓய்வில் எடுத்த அளவுகள் இரண்டுங்கெட்டானாக இருந்தால் சைக்கிள் மிதிக்க வைத்து, உடனே மறுபடி ப்ரோபை வையுங்கள்.