லாக்கின் சொத்துரிமை அத்தியாயத்தை எப்படி வாசிப்பது?

பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக்கின் 'அரசு பற்றிய இரு ஆய்வுரைகள்' 1689 கடைசியில் வெளிவந்தது. முகப்பில் 1690 என்று அச்சிட்டிருந்தார்கள். ஆசிரியர் பெயர் இல்லை. இரண்டாம் ஆய்வுரையின் ஐந்தாம் அத்தியாயம் சொத்துரிமை பற்றியது: 25 முதல் 51 வரை 27 பத்திகள். ஒரே மூச்சில் படித்துவிடலாம் என்பதுதான் இதில் ஆபத்து. 'உழைத்தவனுக்கே உடைமை' என்ற கருத்து 27ஆம் பத்தியிலேயே வந்துவிடுகிறது. பலர் அதோடு நூலை மூடிவிடுகிறார்கள். மீதி 24 பத்திகளில்தான் லாக் அந்த உரிமைக்கு எல்லை கட்டுகிறார், பிறகு கட்டிய எல்லையைத் தளர்த்துகிறார்.

எந்தப் பதிப்பானாலும் பத்தி எண் மாறாது. அதனால் குறிப்பில் பக்க எண் வேண்டாம், பத்தி எண்ணை எழுதுங்கள். முதலில் இரண்டாம் அத்தியாயத்தை (4–15) முடித்துவிடுங்கள். இயற்கை நிலையிலும், அதாவது அரசு இல்லாத நிலையிலும், சட்டம் உண்டு, பிறருடைய உயிர், உடல்நலம், சுதந்திரம், உடைமை எதற்கும் தீங்கு செய்யக் கூடாது என்று 6ஆம் பத்தி சொல்கிறது. தத்துவ அறிஞர் ஹாப்ஸ் 1651இல் வரைந்த, எல்லோரும் எல்லோரோடும் போரிடும் இயற்கை நிலையை மனத்தில் வைத்துக்கொண்டு வந்தால் இங்கேயே வழி தவறிவிடும்.

இனி ஒரு தாளில் மேலிருந்து கீழாக மூன்று வரிசை போடுங்கள்: எதனால் உடைமை ஆகிறது, எதுவரை ஆகிறது, யார் சம்மதம் வேண்டும். ஒவ்வொரு பத்தியையும் படித்ததும் பொருந்தும் வரிசையில் அதன் எண்ணைக் குறியுங்கள்.

முதல் வரிசை சீக்கிரம் நிரம்பும். அவரவர் உடல் அவரவருக்கே சொந்தம். ஆகவே உழைப்பும் சொந்தம். பொதுவில் கிடந்த பொருளோடு உழைப்பைக் கலந்தவருக்கு அது உடைமையாகிறது. இரண்டாம் வரிசையில் இரண்டு எல்லைகள் வரும். பிறருக்கும் போதுமான அளவு, அதே தரத்தில் மிஞ்சியிருக்க வேண்டும் (27, 33). எடுத்தது கெட்டுப்போகுமுன் பயன்பட வேண்டும் (31). முதலாவது கட்டாய நிபந்தனையா, அன்றைய நிலவரத்தைச் சொல்லும் வருணனையா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். 33ஆம் பத்தியில் ஆற்றுநீர் குடிப்பவனின் உதாரணத்தைப் படித்துவிட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

28ஆம் பத்தியை மெதுவாகப் படிக்க வேண்டும். என் குதிரை மேய்ந்த புல், என் வேலையாள் வெட்டிய புல்தரை, நான் தோண்டிய கனிமம், மூன்றும் என் உடைமை என்கிறார். நடுவில் இருப்பதைக் கவனியுங்கள். வெட்டியவன் வேலையாள், உடைமை எசமானுக்கு. உழைப்பே உடைமை தரும் என்ற விதியோடு இது எப்படி ஒத்துப்போகிறது? விடைக்கு 85ஆம் பத்திக்குப் போக வேண்டும்: வேலையாள் கூலிக்காக ஒரு காலத்துக்குத் தன் உழைப்பை விற்றுவிடுகிறான். அதே பத்தியில் அடிமைகளையும் நியாயப்படுத்துகிறார். 85ஐப் படிக்காமல் லாக்கை உழைப்பாளியின் தோழன் என்று எழுதுவது பெரிய பிழை.

35ஆம் பத்தியில் எதிர்ப்பக்கப் பிழை காத்திருக்கிறது. நிலத்தை வேலி அடைப்பதை லாக் எல்லா இடத்திலும் ஆதரித்தார் என்பார்கள். இங்கிலாந்தின் பொதுநிலங்களை, கூட்டாளிகள் அனைவரின் சம்மதமின்றி, யாரும் அடைக்க முடியாது என்று இங்கே தெளிவாகச் சொல்கிறார். மூன்றாம் வரிசையில் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

46 முதல் 50 வரை பணம் வருகிறது. ஒரு வாரத்தில் அழுகிவிடும் பிளம் பழங்களைக் கொடுத்து, ஓராண்டு தாங்கும் கொட்டைகளை ஒருவன் வாங்கினால் யாருக்கும் தீங்கில்லை. கொட்டையைக் கொடுத்து, நிறத்துக்காகப் பிடித்துப்போன ஓர் உலோகத்துண்டை வாங்கினாலும் தீங்கில்லை. உலோகம் அழுகாது. ஆகவே எவ்வளவு சேர்த்தாலும் இரண்டாம் எல்லையை மீறியதாகாது! பணத்துக்கு மதிப்புத் தர எல்லோரும் மறைமுகமாகச் சம்மதித்துவிட்டதால், நிலத்தில் ஏற்றத்தாழ்வுக்கும் சம்மதித்தவர்களாகிறார்கள் என்பது 50ஆம் பத்தி. 28இல் யாருடைய சம்மதமும் தேவையில்லை என்றவர் இங்கே எல்லோருடைய சம்மதத்தையும் துணைக்கு அழைக்கிறார். மூன்றாம் வரிசையை மேலிருந்து கீழே படித்தால் இது பளிச்சென்று தெரியும்.

எண்களையும் தனியே எழுதுங்கள். விளைச்சலில் பயிரிட்ட நிலமும் தரிசும் பத்துக்கு ஒன்று என்று 37இல் தொடங்கி, அங்கேயே நூற்றுக்கு ஒன்றாக்குகிறார். 43இல் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை என்கிறார். அளவுகோல் எது? அமெரிக்கப் பழங்குடிக்குக் கிடைத்த விளைச்சலை இங்கே, அதாவது இங்கிலாந்தில், விற்றால் என்ன கிடைக்கும் என்பதுதான். 26இல் அந்த மக்களை வேலியறியாத வேட்டையாடிகளாகக் காட்டுகிறார். ஆனால் கிழக்குக் கரையோர மக்கள் பலர் சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்டவர்கள். கரோலினா குடியேற்றத்தின் உரிமையாளர்களுக்கு லாக் 1670களின் நடுப்பகுதிவரை செயலராக இருந்தவர். ஆகவே அமெரிக்க உதாரணங்கள் தற்செயலாக வந்தவை அல்ல.

அடுத்து, அதே காலத்தில் வந்த 'மனித அறிதல் பற்றிய கட்டுரை'யைப் பக்கத்தில் வையுங்கள். முழுவதும் தேவையில்லை, முதல் நூலின் மூன்றாம் அத்தியாயம் போதும். பிறக்கும்போதே மனத்தில் பதிந்த ஒழுக்க விதி எதுவும் இல்லை என்று அங்கே வாதிடுகிறார். ஆய்வுரையின் 11ஆம் பத்தியிலோ இயற்கைச் சட்டம் மனிதர் நெஞ்சங்களில் எழுதப்பட்டது என்கிறார். முரண் என்று எழுதி முடித்துவிடாதீர்கள். கட்டுரையின் அதே அத்தியாயம், 13ஆம் பத்தியில், பிறவியிலேயே பதிந்த சட்டம் வேறு, அறிவைச் செலுத்திக் கண்டடையக்கூடிய இயற்கைச் சட்டம் வேறு என்று பிரிக்கிறார். அந்தப் பிரிவு 11ஆம் பத்தியைக் காப்பாற்றுகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 'நெஞ்சங்களில் எழுதப்பட்டது' என்பதை உருவகம் என்று கொண்டால் காப்பாற்றும் என்பது என் கருத்து.

123ஆம் பத்தியில் உயிர், சுதந்திரம், நிலபுலம் மூன்றையும் சேர்த்தே 'சொத்து' என்கிறார். சொத்தைக் காக்கவே அரசு என்ற 124ஐ நிலவுடைமையாளர் சங்கதியாக மட்டும் படிக்காமலிருக்க இது உதவும்.

கடைசியாக, பலர் தொடாத முதல் ஆய்வுரைக்குப் போய் 42ஆம் பத்தியை மட்டும் படியுங்கள். பிழைக்க வேறு வழியே இல்லாதவனுக்கு, கடும் வறுமையிலிருந்து தப்பும் அளவுக்கு, பிறருடைய மிகுதியில் உரிமை உண்டு என்கிறார். இரண்டாம் வரிசையில் மூன்றாவது எல்லையாக இதைச் சேருங்கள். முதல் இரண்டையும் தளர்த்தியதுபோல இதைப் பணத்தால் தளர்த்த முடியாது.