சிமென்ட் பேக்கரில் மூட்டை எடை தப்பினால் எங்கே தொடங்குவது?

எடை சரியில்லை என்று தகவல் வந்ததுமே கண்ட்ரோலரைத் திறந்து கேலிப்ரேஷனை (எடை காட்டும் அளவைத் திருத்தும் அமைப்பு) மாற்றாதீர்கள். அது கடைசி வேலை. 8 ஸ்பவுட் (பைக்குள் சிமென்ட் விடும் மூக்குக் குழாய்) உள்ள, சுற்றிக்கொண்டே மூட்டை நிரப்பும் ரோட்டரி பேக்கர் மணிக்கு 2,400 மூட்டை போடுகிறது என்றால், மூட்டைக்கு 200 கிராம் கூடினாலே மணிக்கு 480 கிலோ வீணாகப் போகிறது. குறைந்தால் அதைவிட மோசம், வீடு கட்டுகிறவர் 50 கிலோவுக்குக் காசு கொடுத்திருக்கிறார்.

1. முதலில் எடை போடுங்கள்

மூட்டையில் ஸ்பவுட் நம்பரை எழுதி, ஒவ்வொரு ஸ்பவுட்டிலும் 10 மூட்டை எடுத்து, சரிபார்த்த தராசில் நிறுத்து நோட்டில் குறியுங்கள். காலிப் பை எடையைக் கழிக்க மறக்க வேண்டாம், பை லாட் மாறினால் அதுவும் மாறும். சாதாரண போர்ட்லண்ட் சிமென்டுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 269படி சராசரி நிகர எடை 50 கிலோவுக்குக் குறையக் கூடாது. 1 கிலோவுக்கு மேல் குறையும் மூட்டைகள் மாதிரியில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, எதிலும் 2 கிலோவுக்கு மேல் குறையவே கூடாது.

2. நோட்டைப் படியுங்கள்

எல்லா ஸ்பவுட்டிலும் ஒரே பக்கமாகத் தப்பினால் காற்றழுத்தம், ஹாப்பர் (மேலே சிமென்ட் நிற்கும் தொட்டி) மட்டம், ஏரேஷன் (சிமென்ட் இளகி ஓட ஊதும் காற்று), பை எடை போன்ற பொதுவான காரணம். ஒரே ஸ்பவுட்டில் மட்டும் என்றால் கோளாறு அங்கேயே இருக்கிறது.

3. சுத்தம் செய்யுங்கள்

மெஷினை நிறுத்தி, மின்சாரத்தையும் காற்றையும் அடைத்துப் பூட்டுப் போட்ட பிறகுதான் கை வைக்க வேண்டும். மூட்டை உட்காரும் சேடிலில் சிமென்ட் படிந்தால் லோட் செல் (எடையை உணரும் கருவி) அதையும் சேர்த்து எடை காட்டும், மூட்டையில் சிமென்ட் குறையும். அதே சிமென்ட் கட்டியாகி, அசையும் பிரேமுக்கும் அசையாத பிரேமுக்கும் நடுவே சிக்கினால் பாரத்தில் கொஞ்சத்தை அது தாங்கிக்கொள்ளும், மூட்டையில் சிமென்ட் கூடும். நான் பார்த்த ஒரு பேக்கரில் 3ஆம் ஸ்பவுட் மட்டும் நாள் முழுக்க எடை கூடிக்கொண்டே இருந்தது, இரண்டு தடவை கேலிப்ரேஷன் செய்தும் நிற்கவில்லை. கடைசியில் அந்த இடுக்கில் ஒரு அட்டைத் துண்டை விட்டுப் பார்த்தேன், பாதியில் நின்றது. புளியங்கொட்டை அளவு கட்டிதான், தட்டி எடுத்ததும் எடை சரியாகிவிட்டது. அன்றிலிருந்து எந்த ஸ்பவுட்டுக்குப் போனாலும் அட்டையோடுதான் போகிறேன். ஸ்பவுட்டுக்குப் போகும் ரப்பர் இணைப்பு இறுகிப்போயிருந்தாலும் இதே தொல்லைதான், அழுத்திப் பாருங்கள்.

4. காற்றும் ஓட்டமும்

எடை ஒரு தடவை கூடி மறுதடவை குறைந்தால் இங்கே பாருங்கள். அழுத்தமானியை மெஷின் ஓடும்போது பார்க்க வேண்டும், சும்மா நிற்கும்போது எல்லாமே சரியாகத்தான் காட்டும். அழுத்தம் இறங்கினால் சிமென்டை நிறுத்தும் ஷட்டரின் சிலிண்டர் தாமதமாக மூடி, கூடுதல் சிமென்ட் உள்ளே போய்விடும். ஹாப்பர் மட்டம் ஏறி இறங்கினால் ஓட்டமும் மாறும். ஏரேஷன் காற்றில் ஈரம் இருந்தால் அந்தக் காற்று வரும் பேட் அடைத்து சிமென்ட் திக்கித் திக்கி வரும்.

ஸ்பவுட்டில் 50 கிலோ காட்டி, செக் வெய்யரில் (மூட்டையை மறுபடி எடை பார்க்கும் தராசு) குறைகிறதா? பை வால்வில் (பையில் சிமென்ட் நுழையும் வாய்) கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

5. இப்போது கேலிப்ரேஷன்

சேடிலைக் காலியாக வைத்து ஜீரோ செய்துவிட்டு, முத்திரையிட்ட எடைக்கற்களை 20, 40, 50 கிலோ என்று ஏற்றுங்கள், அப்புறம் அதே படிகளில் 50, 40, 20 என்று இறக்குங்கள். இறக்கிய பிறகு ஜீரோவுக்குத் திரும்பாவிட்டால், இடுக்கில் ஒன்றும் உரசவில்லை என்று உறுதி செய்துகொண்டு, லோட் செல்லையும் அதன் கேபிளையும் சோதியுங்கள். சரி என்றால் அந்த ஸ்பவுட்டில் மறுபடி 10 மூட்டை எடை போட்டு, பழைய கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.