வாங்கச் சொன்னவர் விற்கச் சொல்வதில்லை

சில வருடங்களுக்கு முன் ஒரு வாட்ஸ்அப் குழுவில் நண்பர் ஒருவர் ஒரு பங்கை ஆகா ஓகோ என்று புகழ்ந்தார். ஏழெட்டுப் பேர் உடனே வாங்கினார்கள், நானும் வாங்கினேன். விலை 15 சதவீதம் இறங்கியதும் என்ன செய்யலாம் என்று அவரிடம் கேட்டேன். "நான் போன மாசமே வித்துட்டேனே" என்றார். அவர்மேல் குற்றமில்லை. வாங்குவதற்கான காரணத்தை மட்டும் அவரிடம் இரவல் வாங்கியிருந்தேன். விற்பதற்கான காரணம் அவரிடமே தங்கிவிட்டது.

கும்பலோடு சேர்ந்து முதலீடு செய்பவர்கள் பெரும்பாலும் மாட்டுவது இந்த இடத்தில்தான். ஏறும்போது எல்லோரும் பேசுவார்கள். இறங்கும்போது குழு அமைதியாகிவிடும்.

தலைகளை எண்ணுவது இன்னொரு தவறு. பத்துப் பேர் ஒரே பங்கைச் சொன்னால் பத்து ஆதாரம் கிடைத்ததாகத் தோன்றும். விசாரித்துப் பார்த்தால் பத்துப் பேரும் பார்த்தது ஒரே வீடியோவாக இருக்கும். அப்படியானால் அது ஒரே ஒரு கருத்து, அவ்வளவுதான்.

விற்று லாபம் பார்த்த பிறகும் மனசு சும்மா இருக்காது. ஐசக் நியூட்டனுக்கே இது நடந்தது. 1720இல் சவுத் சீ கம்பெனி என்ற பிரிட்டிஷ் வணிக நிறுவனத்தின் பங்கு ஜனவரியில் சுமார் 128 பவுண்டு; கோடையில் 1000 பவுண்டை நெருங்கியது. நியூட்டன் இடையிலேயே நல்ல லாபத்தில் விற்று வெளியே வந்துவிட்டார். ஆனால் விலை மேலும் ஏறியது, மற்றவர்கள் சம்பாதித்துக்கொண்டே இருந்தார்கள். உச்சத்துக்கு அருகே மறுபடி உள்ளே போனார். ஆண்டு முடிவதற்குள் விலை 200க்கும் கீழே வந்துவிட்டது. அவர் பணத்தை இழந்தது கணக்குத் தெரியாததால் அல்ல.

"இது குமிழிதான், மதிப்பை மீறி ஊதிய விலை என்று தெரியும். மற்றவர்களுக்கு முன்னால் நான் வெளியே வந்துவிடுவேன்" என்பவர்களும் உண்டு. உள்ளே இருக்கும் எல்லோருடைய திட்டமும் அதுவே. 2021 ஜனவரி தொடக்கத்தில் 20 டாலருக்கும் கீழே இருந்த கேம்ஸ்டாப் (வீடியோ கேம் விற்கும் அமெரிக்க நிறுவனம்) பங்கு, 27ஆம் தேதி சுமார் 347 டாலரில் முடிந்தது. மறுநாளே சில தரகு நிறுவனங்கள் அதைப் புதிதாக வாங்கத் தடை போட்டன. இரண்டு வாரத்தில் விலை 50 டாலர் அளவுக்கு வந்துவிட்டது. கதவு எப்போது அடைபடும் என்பது கும்பலுக்குத் தெரியாது.

எனக்கு இதில் மிகவும் சுவாரஸ்யமாகப் படுவது வேறு: கும்பல் சொல்வது சரியாக இருந்தும் பணம் போகலாம். இணையம் உலகத்தையே மாற்றும் என்று 1999இல் சொன்னார்கள், அப்படியே மாற்றியது. ஆனாலும் 2000 மார்ச்சில் 5048 புள்ளியில் முடிந்த நாஸ்டாக் குறியீடு (தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த அமெரிக்கப் பங்குச்சந்தையின் அளவுகோல்) 2002 அக்டோபரில் 1114 ஆனது. பழைய உச்சத்தைத் தொட 2015 வரை ஆயிற்று. 78 சதவீதம் விழுந்தால், மீண்டு வர ஏறத்தாழ 350 சதவீதம் ஏற வேண்டுமே! 'நல்ல தொழில்' என்பது பாதிக் கேள்விதான். என்ன விலைக்கு என்பதை அன்று பலர் கேட்கவில்லை.

சரி, ஊர் வாங்கினால் விற்பேன், ஊர் விற்றால் வாங்குவேன் என்று கிளம்பலாமா? அதுவும் ஊரைப் பார்த்து எடுக்கும் முடிவுதானே, திசை மட்டும் வேறு. விழும் பங்கு பல சமயம் நியாயமான காரணத்தோடுதான் விழுகிறது. நிறுவனங்களை ஆராய நேரமில்லை, சந்தைக் குறியீட்டில் உள்ள எல்லாப் பங்குகளையும் மொத்தமாக வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்டே போதும் என்று தெரிந்தே ஒருவர் முடிவெடுத்தால், என் கணக்கில் அவரும் சொந்தமாக யோசிப்பவர்தான்.

இப்போதெல்லாம் வாங்கும் முன் ஒரு தாளில் இரண்டு வரி எழுதுகிறேன். உதாரணத்துக்கு: "மூன்று வருடமாகக் கடன் குறைகிறது, லாபம் பணமாகக் கைக்கு வருகிறது, அதனால் வாங்குகிறேன். கடன் மறுபடி ஏற ஆரம்பித்தால் விற்பேன்." பிறகு ஒரு வாரம் தள்ளிப்போடுவேன். பாதிக்கு மேல் தாளோடு நின்றுவிடுகின்றன. அந்த வாட்ஸ்அப் பங்கை வாங்கிய அன்று இப்படி எழுத உட்கார்ந்திருந்தால், முதல் வரியில் நண்பரின் பெயர் மட்டும்தான் இருந்திருக்கும். இரண்டாவது வரி காலி.