சிறுபிள்ளைத்தனமாக ஆடும் பிளேயரைச் சமாளிப்பது எப்படி?

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு கேரக்டராகப் பேசி, டைஸ் உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம். அதில் ஓர் அரசவைக் காட்சி. பேச்சுவார்த்தை ஒரு முடிவுக்கு வரும் நேரத்தில் ஒரு பிளேயர் "ராஜா மூஞ்சிக்கு நேரா ஏப்பம் விடறேன்" என்கிறார். வேறொரு மேசையில் ஒருவர் தன் கூட்டாளியின் பையிலிருந்தே மந்திரக் கல்லைத் திருடுகிறார். இன்னொரு மேசையில் டைஸில் 3 விழுந்ததற்கு ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் வாயே திறப்பதில்லை. மூன்றையும் சிறுபிள்ளைத்தனம் என்ற ஒரே பெயரால் சொல்லிவிடலாம். ஆனால் மூன்றும் மூன்று காரணங்களால் வருகின்றன, கதையை நடத்தும் கேம் மாஸ்டர் (ஜிஎம்) செய்ய வேண்டியதும் மூன்றிலும் வேறு.

மூன்றுக்கும் பொதுவாக ஒரே ஒரு விதி உண்டு: மேசையில் மனிதர் செய்யும் தவறுக்குக் கதைக்குள் தண்டனை கொடுக்காதீர்கள்.

இடி விழ வைப்பது ஏன் வேலைக்கு ஆகாது

புதிய ஜிஎம்கள் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். ஏப்பம் விட்டவர் மேல் மின்னல் விழும், காவலர்கள் வருவார்கள், அனுபவப் புள்ளிகள் குறையும். அவருக்கு வேண்டியது கவனம் என்றால், அடுத்த 20 நிமிடம் முழுக்க அவரைப் பற்றியதாகிவிட்டது, கேட்டது கிடைத்துவிட்டது. காவலர்கள் வந்தால் துரத்துவதும் பார்ட்டி (பிளேயர்களின் கேரக்டர்கள் சேர்ந்த குழு) முழுவதையும்தான், ஒழுங்காக ஆடியவர்களும் சேர்ந்தே சிறைக்குப் போகிறார்கள். அதைவிட மோசம், உங்கள் கோபம் விளையாட்டின் ஒரு நகர்வு மாதிரி அவருக்குத் தெரிகிறது. அவர் எதிர்நகர்வை யோசிக்க ஆரம்பிப்பார்.

செயலுக்கு விளைவே இருக்கக் கூடாது என்பதல்ல. ராஜாவை அவமதித்தால் ராஜா கோபப்படத்தான் வேண்டும். உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: நன்றாக ஆடும் பிளேயர் இதையே செய்திருந்தால் இதே விளைவைத் தருவேனா? ஆம் என்றால் தாருங்கள். ஆனால் டைஸ் உருளும் முன்பே அந்த விளைவைச் சொல்லிவிடுங்கள்: "சுத்தி 12 காவலர்கள் இருக்காங்க, வில்லுல அம்பு ஏத்தி வெச்சிருக்காங்க. நீ கை ஓங்கினா எல்லாரும் விடுவாங்க. செய்றியா?" பாதிப் பேர் இங்கேயே பின்வாங்குவார்கள். நீங்கள் மனதில் கண்ட அரசவை ஆபத்தானது. அவர் கண்டது கேலிச்சித்திரம். பல அசட்டுச் செயல்களுக்குப் பின்னால் இருப்பது இந்த வேறுபாடு மட்டுமே.

காரணத்தைப் பாருங்கள்

முதல் சந்தேகம் சலிப்பின் மேல் விழட்டும். ஐந்து பிளேயர்கள் உள்ள சண்டையில் ஒருவருக்கு 3 நிமிடம், உங்கள் அரக்கர்களுக்கு 5 நிமிடம் என்றால், ஒருவரின் முறை முடிந்து மறுபடி அவரிடம் வர 17 நிமிடம் ஆகும். அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருப்பவர் டைஸை அடுக்கிக் கோபுரம் கட்டுவார், போனை எடுப்பார், பக்கத்தில் இருப்பவரைச் சீண்டுவார். இது குணக்கேடு அல்ல. வேகத்தைச் சரிசெய்தாலே பெரும்பாலும் நின்றுவிடும். ஒருவரை அழைக்கும்போதே அடுத்தவரையும் சொல்லுங்கள்: "இப்போ வில்லாளி, அடுத்து பூசாரி ரெடியா இருங்க." என்ன செய்கிறார் என்று சொல்ல ஒரு நிமிடம், அதற்குள் சொல்லாவிட்டால் அவர் கேரக்டர் தற்காத்துக்கொள்கிறது, முறை அடுத்தவருக்குப் போகிறது. தாக்குதல் டைஸையும் சேத டைஸையும் ஒன்றாக உருட்டச் சொல்லுங்கள். ஒரே வகை அரக்கர்கள் எல்லோருக்கும் ஒரே இனிஷியேட்டிவ் (சண்டையில் யார் முறை எப்போது என்ற வரிசை) போதும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை 10 நிமிட இடைவேளை.

அடுத்தது கூச்சம். இதை ஜிஎம்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நண்பர்கள் முன் உணர்ச்சியோடு வசனம் பேசுவது பலருக்குச் சங்கடம். அந்தச் சங்கடத்தை மறைக்கத்தான் ஜோக். காட்சி உருக்கமாகப் போகப் போக ஜோக் அதிகமானால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். அவரை அதட்டினால் இன்னும் கூசுவார். குரல் மாற்றிப் பேச வேண்டியதில்லை, "என் கேரக்டர் அந்தம்மாவுக்கு ஆறுதல் சொல்றார்" என்று படர்க்கையில் சொன்னாலும் போதும் என்று தெரியப்படுத்துங்கள். நீங்களே இரண்டு என்பிசிகளை (ஜிஎம் ஆடும் துணைக் கேரக்டர்களை) அப்படி ஆடிக்காட்டினால் இன்னும் நல்லது.

மூன்றாவது, எதிர்பார்ப்பு பொருந்தாமை. அவர் கலகலப்பான சாகசம் என்று நினைத்து வந்தார், நீங்கள் இருண்ட திகில் கதை எழுதி வைத்திருக்கிறீர்கள். மேசையில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க உங்களுக்கு மட்டும் எரிச்சல் வருகிறதென்றால், பொருந்தாமல் இருப்பது நீங்களாகவும் இருக்கலாம்.

இவை எதுவும் இல்லாமல், மற்றவர்கள் எரிச்சலடைவதிலேயே இன்பம் காண்பவர்களும் உண்டு. எண்ணிக்கையில் குறைவு. அவர்களுக்கான வழி கடைசியில்.

செஷன் ஜீரோவில் முடிக்க வேண்டியவை

ஆட்டத்துக்கு முன் எல்லோரும் கூடிப் பேசிக்கொள்வதுதான் செஷன் ஜீரோ. கேம்பெயின், அதாவது பல செஷன்களுக்குத் தொடரும் கதை, தொடங்கும் முன் ஒரு மணி நேரம் இதற்காகவே ஒதுக்குங்கள். கதையின் தொனியை ஒரே வரியில் சொல்லுங்கள்: "ஜோக் இருக்கும், ஆனா சாவு நிஜமா வலிக்கும்." கூட்டாளியைத் தாக்குவதும் திருடுவதும் உண்டா இல்லையா என்று முடிவெடுங்கள். போன், தாமதமாக வருவது, டைஸை எங்கே உருட்டுவது போன்றவை இரண்டிரண்டு நிமிடத்தில் முடியும். கேரக்டர் உருவாக்கும்போது ஒவ்வொருவரும் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி: உன் கேரக்டர் இந்தப் பார்ட்டியோடு ஏன் போகிறது? "தனி ஓநாய், யாரையும் நம்பாது" என்பது பதில் ஆகாது. பதில் வரும் வரை அந்தக் கேரக்டர் தயாராகவில்லை.

கோடுகளும் திரைகளும் என்ற முறையை கேம் வடிவமைப்பாளர் ரான் எட்வர்ட்ஸ் எழுதிவைத்தார். கோடு என்றால் அந்த விஷயம் கதையில் வரவே வராது. திரை என்றால் நடக்கும், ஆனால் விவரிக்காமல் அடுத்த காட்சிக்குப் போய்விடுவோம். சித்திரவதையைத் திரைக்குப் பின்னால் வைத்துவிட்டால், கைதியின் விரலை எப்படி ஒடிப்பது என்று பத்து நிமிடம் வர்ணிக்க விரும்புகிறவருக்கு மேடை இல்லாமல் போகிறது.

ஜான் ஸ்டாவ்ரோபோலோஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டும் மேசை நடுவில் இருக்கட்டும். ஒரு அட்டையில் பெரிதாக எக்ஸ் குறி. யார் தொட்டாலும் அந்த உள்ளடக்கம் நீக்கப்படும், காரணம் கேட்பதில்லை. தன் கேரக்டர் தோற்கும்போதெல்லாம் கார்டைத் தொடும் ஆளும் எப்போதாவது வருவார். அதனால் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்: கார்டு வர்ணனையை நீக்கும், டைஸின் முடிவை நீக்காது. கை வெட்டுப்பட்ட விவரம் போய்விடும். இழந்த ஹிட் பாயின்ட் (கேரக்டரின் உயிர்ப் புள்ளி) திரும்பி வராது.

"என் கேரக்டர் அப்படித்தான் செய்யும்"

மேசைகளை உடைத்த வாக்கியங்களில் முதலிடம் இதற்கே. இதற்கு ஒரே பதில்தான்: அந்தக் கேரக்டரை உருவாக்கியது நீ. அதன் குணத்துக்குப் பொருந்தும் செயல்கள் பத்து இருக்கும்; மற்றவர்களும் ஆட இடம் விடும் ஒன்றை அதிலிருந்து எடு.

கூட்டாளி மீது திருட்டோ தாக்குதலோ அறிவிக்கப்பட்டால் யாரும் டைஸைத் தொடும் முன் கதையை நிறுத்துங்கள். பாதிக்கப்படப் போகும் பிளேயரைப் பார்த்து, "இது உனக்கு ஓகேவா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் அது நடக்கவில்லை. விவாதமும் வேண்டாம். சரி என்றால், முடிவு என்ன ஆகிறது என்பதை அவரே சொல்லட்டும்: கையும் களவுமாகப் பிடித்தாரா, கவனிக்காமல் விட்டாரா, அவரது விருப்பம்.

டைஸிடமே விட்டால் என்ன என்று கேட்பார்கள். கணக்கைப் பாருங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் ஸ்லைட் ஆஃப் ஹேண்ட் (கைத்திறன்) +9 உள்ள திருடர், பாசிவ் பெர்செப்ஷன் (தானாகவே கவனிக்கும் திறன்) 11 உள்ள கூட்டாளியின் பையில் கைவைத்தால், டைஸ் எண்ணோடு 9 கூட்டி 11-ஐ எட்டினால் போதும்; டி20-இல் (20 பக்க டைஸில்) 1 விழுந்தால்தான் மாட்டுவார். 100-க்கு 95 முறை திருட்டு வெற்றி. அதோடு, பறிகொடுத்தவருக்கு பிளேயராக எல்லாம் தெரியும், கேரக்டராக எதுவும் தெரியாது. கண் முன்னால் நடந்ததைத் தெரியாத மாதிரி நடிக்க வேண்டும். சண்டை கிளம்புவது கல் போனதற்காக அல்ல, அந்த நடிப்பைத் தன் மேல் திணித்ததற்காக.

ஒன்றைத் தனியாகப் பிரித்துவையுங்கள். இன்னொருவரின் கேரக்டரிடம் அவர் விரும்பாத பாலியல் பேச்சு, மேசையில் இருப்பவரை அவரது உடல், பிறப்பு, மொழி குறித்துக் கேலி செய்வது — இவை சிறுபிள்ளைத்தனம் அல்ல, துன்புறுத்தல். கீழே சொல்லும் படிகள் இதற்குப் பொருந்தாது. செஷனை அங்கேயே நிறுத்தி, செய்தவரைக் கிளம்பச் சொல்லுங்கள்.

அந்த நிமிடத்தில்

முதல் முறை நடந்தால் கண்டிக்க வேண்டாம், வேலை கொடுங்கள். அவர் பெயரைச் சொல்லிக் கதைக்குள் ஒரு கேள்வி கேளுங்கள்: "கதவுக்குப் பின்னால காலடிச் சத்தம் கேக்குது. உன் கேரக்டர் என்ன பண்ணுது?" கவனம் தேடியவருக்குக் கவனம் கிடைத்துவிடும், கதைக்கும் பயன்படும்.

அதே செஷனில் மறுபடி நடந்தால், பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, கதைசொல்லும் குரலை விட்டு உங்கள் சொந்தக் குரலில் ஒரே வாக்கியம்: "கதையை ஒரு நிமிஷம் நிறுத்தறேன். இந்தக் காட்சியை மத்தவங்க சீரியஸா ஆடறாங்க, அதுக்கு இடம் விடு." சிரித்துக்கொண்டே சொல்லாதீர்கள், சிரித்தால் அதுவும் ஒரு ஜோக்காகப் போய்விடும். விளக்கமும் வேண்டாம், உடனே கதைக்குத் திரும்புங்கள். மூன்றாவது முறை எல்லோருக்கும் 10 நிமிட இடைவேளை அறிவித்து அவரிடம் தனியாகப் பேசுங்கள்.

விதிகளைப் பிடித்துத் தொங்குபவருக்கு ஒரு நிமிடம் கொடுங்கள். பிறகு நீங்கள் ஒரு தீர்ப்பு சொல்லி, தாளில் குறித்துக்கொண்டு, செஷன் முடிந்ததும் புத்தகத்தைப் பாருங்கள். தீர்ப்பு தவறு என்று தெரிந்தால் அடுத்த செஷனிலிருந்து திருத்தம், பழையதைப் பிரித்து ஆடுவதில்லை. டைஸில் ஏமாற்றுகிறார் என்ற சந்தேகமா? யாரையும் குற்றம் சாட்டாமல் எல்லோருக்கும் பொதுவான விதி வையுங்கள்: டைஸ் ட்ரேயில், எல்லோர் கண்ணிலும் படும்படி, எதற்காக என்று சொன்ன பிறகே உருட்ட வேண்டும், ட்ரேக்கு வெளியே விழுந்தால் மறுபடி உருட்டல்.

முகம் தூக்கி உட்காருபவரிடம் கெஞ்சாதீர்கள், முடிவையும் மாற்றாதீர்கள். ஒருமுறை மாற்றினால், முகத்தைத் தூக்கினால் பலன் உண்டு என்று மேசையில் எல்லோரும் கற்றுக்கொள்வார்கள். பத்து நிமிடம் விட்டு, சுலபமாகப் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியோடு அவரைக் காட்சிக்குள் இழுங்கள்.

தனியாகப் பேசுவது

இடைவேளைப் பேச்சு தற்காலிகம். செஷன் முடிந்த ஒன்றிரண்டு நாளில், கோபம் அடங்கியபின், நேரிலோ போனிலோ பேசுங்கள். குழு அரட்டையில் கூடாது, அங்கே அவருக்குப் பார்வையாளர்கள் கிடைத்துவிடுவார்கள். அடுத்த செஷனுக்கு ஐந்து நிமிடம் முன்பும் கூடாது.

நடந்தது, அதனால் ஆனது, வேண்டியது, அவர் தரப்பு என்ற வரிசையில் போகலாம். "போன வாரம் அந்தச் சாவு வீட்டுக் காட்சியில மூணு தடவை ஜோக் அடிச்சே. அடுத்து பேச வேண்டியவ பேசாமலே விட்டுட்டா. அந்த மாதிரி காட்சியில அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கோ, சந்தையில எவ்வளவு வேணா கலாய். உனக்கு என்ன தோணுது?" ஒரே உதாரணம் போதும், ஐந்தை அடுக்கினால் அது குற்றப்பத்திரிகை. "எல்லாரும் சொல்றாங்க" என்பதையும் "சின்னப்புள்ளை மாதிரி பண்றே" என்பதையும் வாயில் வரவிடாதீர்கள். முதலாவதைக் கேட்டதும் யார் சொன்னார் என்று தேட ஆரம்பிப்பார், இரண்டாவதைக் கேட்டதும் காதை மூடிக்கொள்வார்.

கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டு உண்மையாகவே வாயை மூடுங்கள். "என் கேரக்டருக்குக் கதையில ஒண்ணுமே இல்லையே" என்று வந்தால், அது உங்களுக்கான வேலை: அடுத்த செஷனில் அவர் கேரக்டரால் மட்டுமே தீர்க்கக்கூடிய ஒரு சிக்கலை வையுங்கள். ஜோக் எல்லை மீறும்போது நீங்கள் காட்டும் ஒரு சைகையையும் பேசி வைத்துக்கொள்ளலாம், எல்லோர் முன்னும் சொல்ல வேண்டியிருக்காது.

விலக்க வேண்டி வந்தால்

பேசிய பிறகும் இரண்டு செஷன் அப்படியே போனால், மூன்றாவதற்குக் காத்திருக்க வேண்டாம். ஒருவருக்காகப் பொறுத்துப் பொறுத்து, நன்றாக ஆடும் நான்கு பேரை ஒவ்வொருவராக இழந்த மேசைகள் ஏராளம். மற்றவர்களிடம் உங்கள் முடிவைச் சொல்லுங்கள், வாக்கெடுப்பு நடத்தாதீர்கள்; நண்பரை நீக்கக் கை தூக்கும் சுமை அவர்களுக்கு எதற்கு? அவரிடம் நேரடியாக: "இந்தக் கேம்பெயின் உனக்குப் பொருந்தல. அடுத்த செஷன்லருந்து நீ இல்லாம தொடரப் போறோம்." திரும்பச் சேர்ப்போம் என்று ஆறுதலுக்காகச் சொல்லாதீர்கள். நட்பு முக்கியமானால், ஒரே நாளில் முடியும் ஒரு நகைச்சுவைக் கதைக்குப் பின்னர் அழைக்கலாம். பலர் அதில் பிரமாதமாக ஆடுவார்கள். ஆட்டம் நடப்பதே அவர் வீட்டில் என்றால், முதலில் வேறு இடம் பார்த்துக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள்.

அவருடைய கேரக்டரைக் கொன்று பழி தீர்க்க வேண்டாம், என்பிசியாக வைத்துக் கேலி செய்யவும் வேண்டாம். ஊருக்குக் கடிதம் வந்தது, கிளம்பிவிட்டார் என்று ஒரு வரி போதும். அவர் வைத்திருந்த பார்ட்டியின் பொதுச் சொத்தை, அந்த மந்திரக் கல் உட்பட, போகும் முன் ஒப்படைத்துவிட்டார் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மூன்று செஷன் அதைத் தேடித் துரத்துவதிலேயே போகும்.